அடைத்த பொட்டு

காற்று எழும்பினால் அந்தத் தகரம் அடிக்கும். சோளகம் தொடங்கி ஆடி முடியும் மட்டும், இரவில் இரண்டு மூன்று தடவை, எங்கள் வளவின் மேற்கு வேலியில் கிணற்றடிக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் நடுவே தகரம் கதியாலோடு மோதிச் சத்தம் போடும், பிறகு அடங்கும். பெரிய சத்தமில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. 2021 ஜூன் மாதம், நாடு முழுவதும் கொரோனாப் பயணத்தடையில் கிடந்த நாட்களில், அந்தத் தகரத்தை வைத்து அடித்தவன் நான். பழைய கொட்டில் கூரைத் தகரம்; 4 அடி உயரம், 3 அடி அகலம், 6 ஆணி. அம்மா பக்கத்தில் நின்று ஆணிப் பேணியைப் பிடித்திருந்தார். வேலிக்கு அப்பால் மேலைவளவு மாமியின் படலையில் அன்று காலைதான் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நாங்கள் இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. சுத்தியல் சத்தம் மாமிக்குக் கேட்டிருக்கும், கேட்காமல் இருக்க வழியே இல்லை. அவரும் ஒரு சொல் கேட்கவில்லை. நாட்கள் கழிந்து அறிவித்தலைக் கிழித்தெடுத்தார்கள், மாமி சுகமாகி எழும்பி முற்றம் கூட்டினார், யாழ்ப்பாணத் தீவகத்து எங்கள் ஊர் புளியங்கூடலில் கடை திறந்தது, கோயில் திறந்தது, பள்ளிக்கூடம் திறந்தது. தகரம் மட்டும் அப்படியே நிற்கிறது. இத்தனை வருடத்தில் அதைக் கழற்ற வேண்டாம் என்று எங்களை யாரும் தடுக்கவில்லை. அதுதான் என்னைக் குடைகிறது.

நான் தகரம் வைத்து அடைத்தது வேலிப் பொட்டை. யாழ்ப்பாணத்துக்கு வெளியே பொட்டு என்றால் நெற்றியில் வைப்பது. எங்களிடம் வேலிக்கும் பொட்டு உண்டு. கிளுவையும் பூவரசும் கதியாலாக நட்டு, பனையோலையால் அடைத்த வேலியில் ஓரிடத்தில் மட்டும் ஓலை விலகி, ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு வழி. யாரும் வேண்டுமென்று விட்டதா, தானாக உண்டானதா என்று கேட்டால் பதில் கிடையாது. முதலில் கோழி போயிருக்கும். அதைப் பிடிக்கப் பிள்ளை போயிருக்கும். பிள்ளையைத் தேடித் தாய் போயிருப்பாள். வருடாவருடம் வேலி அடைக்கிறவர்கள் அந்த இடத்தை விட்டுவிட்டு அடைப்பார்கள். காணி உறுதியில் வழி வாய்க்கால் உரிமை எழுதியிருக்கும், கிணற்றுப் பங்கு எழுதியிருக்கும், பொட்டு எழுதியிருக்காது. அதன் வழியே எங்கள் வீட்டுக்கு மோர்ச் செம்பு வந்தது, பாதித் தேங்காய் போனது, கைமாற்றுக் காசு வந்தது, பரீட்சை முடிவு போனது. படலையால் வருகிறவருக்குக் கதிரை எடுத்துப் போடவேண்டும், பொட்டால் வருகிறவருக்கு வேண்டாம். ஆனால் பொட்டால் வருவதற்கும் ஒரு முறை இருந்தது. வருமுன் ஒரு கனைப்பு. அல்லது வேலிக்கு அப்பாலேயே நின்று, ‘பிள்ளை, நிக்கிறியளோ?’ என்று ஒரு குரல். கிணற்றடியில் யாரும் குளித்துக்கொண்டிருந்தால் ‘கொஞ்சம் பொறுங்கோ மாமி’ என்று மறுமொழி வரும். வந்தவர் மற்றப் பக்கம் திரும்பி, பூவரசம் இலையைக் கிள்ளிக்கொண்டு நிற்பார். ஓலை வேலிக்குள்ளால் எல்லாம் தெரியும். சண்டை கேட்கும், கருவாடு பொரிக்கும் மணம் வரும், அழுகை கேட்கும். கேட்டதைக் கேளாததுபோல வைத்திருக்கத் தெரிந்தவர்தான் நல்ல அயல். அந்தரங்கம் என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்கியதில்லை. மறைப்பு என்பார்கள், ஒதுக்கம் என்பார்கள். அவை இரண்டும் ஓலையாலோ கல்லாலோ மட்டும் ஆனவையாக எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை. பக்கத்தில் இருப்பவர் தன் கண்ணைத் திருப்பிக்கொள்வதில்தான் பாதி மறைப்பு இருந்தது. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் பதித்த தேசவழமையில், காணி விற்கிறவர் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் மட்டுமன்றி, அந்தக் காணியை ஈடாகப் பிடித்திருக்கக்கூடிய எல்லைக் காணிக்காரருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்று இருந்தது. 1947இன் சட்டம் அந்த அயலவரை விலக்கிவிட்டு உரித்தாளரையும் பங்காளரையும் மட்டும் வைத்துக்கொண்டது. சட்டம் அயலைக் கைவிட்ட பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் வேலிப் பொட்டு அதை வைத்திருந்தது என்று நினைக்கிறேன்.

அறிவித்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து, வீட்டுக்காரரோடு எட்ட நின்று மரியாதையாகவே கதைத்து, படலையில் ஒட்டிவிட்டுப் போனார். அவர் தன் வேலையைச் செய்தார். அந்த நாட்களில் அவர்களுக்கு நித்திரையும் இல்லை, சாப்பாடும் இல்லை. என் கண்ணில் நின்றது, அந்தத் தாள் எந்தப் பக்கம் பார்த்து ஒட்டப்பட்டிருந்தது என்பதுதான். அது ஒழுங்கையைப் பார்த்திருந்தது. வீட்டில் நோய் என்ற செய்தி வீட்டுக்காரருக்குத் தெரியும். தெரியாத வழிப்போக்கருக்காகத்தான் அந்தத் தாள். ஒரு குடும்பம் உள்ளே வைத்திருக்கும், யாருக்குச் சொல்வது யாருக்குச் சொல்லாமல் விடுவது என்று அதுவே தீர்மானிக்கும் ஒரு விடயம், பசை காயுமுன் ஒழுங்கையின் சொத்தாகிவிட்டது. சைக்கிளில் வந்தவர்கள் மற்றக் கரைக்கு ஒதுங்கினார்கள். பெடியன் ஒருவன் கைத்தொலைபேசியில் படம் எடுத்தான். அந்தப் படம் மாலைக்குள் ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் உறவுக்காரருக்குப் போய், அவர் எங்களைக் கூப்பிட்டு ‘உங்கடை பக்கத்து வீடாமே?’ என்று கேட்டார். இந்தியாவிலும் இப்படித்தான் ஒட்டினார்கள். சென்னையில் நோயாளிகளின் வீட்டு வாசலுக்குத் தகரமே அடித்தார்கள். 2020 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் இது வழக்காகி நின்றபோது, அறிவிப்பு ஒட்டப்பட்ட வீட்டார் தீண்டத்தகாதவர்களைப்போல நடத்தப்படுகிறார்கள் என்று நீதிபதிகள் கவலைப்பட்டார்கள். உரிய அதிகாரியின் பணிப்பு இல்லாமல் ஒட்டக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. அந்தச் செய்தியை நான் வாசித்திருந்தேன். வாசித்து, சரியான தீர்ப்பு என்று நினைத்தும் இருந்தேன். ஆறு மாதம் கழித்து எங்கள் வேலிக்கு நானே தகரம் அடித்தேன்.

தனிமைப்படுத்தல் எங்களுக்குப் புதிது என்று சொல்லவும் முடியாது. அம்மாள் வருத்தம் வந்த வீட்டுப் படலையில் வேப்பிலைக் கொத்துச் செருகியிருக்கும். கண்டவர் உள்ளே வரமாட்டார். கோதாரி என்ற சொல்லை இன்று வெறும் ஏச்சாகச் சொல்கிறோம்; ஒரு காலத்தில் அது ஊரைக் காலி செய்த கொள்ளைநோயின் பெயர். எல்லாவற்றையும்விட எனக்கு நெருக்கமானது துடக்கு. பிள்ளை பிறந்தாலும் துடக்கு, சாவு விழுந்தாலும் துடக்கு. சாவுத் துடக்கென்றால் 31ஆம் நாள் அந்தியேட்டி வரைக்கும் அந்த வீட்டார் கோயிலுக்குப் போகமாட்டார்கள், நல்ல காரியங்களுக்குப் போகமாட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த எல்லை, எல்லோருக்கும் தெரிந்த முடிவு நாள். பல நாட்களாகத் துடக்கையும் இந்தத் தனிமைப்படுத்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். துடக்கு வீட்டார் வெளியே போகமாட்டார்கள்; ஆனால் ஊர் அவர்களிடம் வரும். அவர்கள் அடுப்பு மூட்டக்கூடாது என்பதற்காகவே அயலில் சமைத்து எடுத்து வருவார்கள். துக்கம் விசாரிக்க வராதவரைத்தான் ஊர் குறை சொல்லும், வந்தவரை அல்ல. வந்தவர் வீட்டுக்குப் போய்த் தோய்ந்துவிட்டு உள்ளே போவார். அவ்வளவுதான் அவர் தரும் விலை. விலக்கு இருந்த இடத்திலேயே வருகையும் இருந்தது. 2020இல் வந்த விலக்கில் வருகைக்கு இடமில்லை. கிருமி வேறு, துடக்கு வேறு என்பது எனக்குத் தெரியும்; தோய்ந்தால் தீருகிற தொற்று இல்லை இது. ஆனால் சோற்றுப் பெட்டியைப் படலையில் வைத்துவிட்டு, நாலு பாகம் பின்னால் போய் நின்று, ‘மாமி, எப்பிடி இருக்கிறியள்?’ என்று கேட்பதை எந்தச் சுற்றறிக்கையும் தடுக்கவில்லை. நாங்கள் முதல் நான்கு நாட்கள் அதையும் செய்யவில்லை. ஐந்தாம் நாள் அம்மா செய்தார். மாமி உள்ளிருந்து, ‘ஏன் பிள்ளை கஷ்டப்படுறாய், சங்கக்கடைப் பெடியன் சாமான் கொண்டுவந்து தாறான்’ என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. விருந்தாளிக்குச் சொல்லும் குரல் அது.

சமூக இடைவெளி என்ற சொல்லை முதலில் வானொலியில் கேட்டபோது எனக்குள் ஏதோ உரசியது. அது என்னவென்று விளங்க நாள் எடுத்தது. எங்கள் பேச்சில் சமூகம் என்பது சாதிக்கு இடும் நாகரிகமான பெயர். ‘அவை எந்தச் சமூகம்?’ என்று கலியாணப் பேச்சில் கேட்பார்கள். அந்த இடைவெளி இங்கே மீற்றர் கணக்குக்கு முந்தியது. கிணற்றில் கைபடக்கூடாதென்று, குடத்தோடு வந்து நின்று, யாராவது அள்ளி ஊற்றும் மட்டும் காத்திருந்த பெண்கள் இந்தத் தீவகத்தில் இருந்தார்கள். தேநீர்க் கடையில் அவர்களின் ஆண்களுக்குச் சிரட்டையும் போத்தலும். கே. டானியல் ஒரு நாவலுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயர் வைத்தார். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும், 1966இல் சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் போகவும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்று அடி வாங்கவும் வேண்டியிருந்தது. இதை எழுதும்போது என் பொட்டுப் புராணத்தின் மீதே எனக்குச் சந்தேகம் வருகிறது. எங்கள் வளவுக்கு நாலு பக்கமும் வேலி. மேற்கு வேலியில் பொட்டு இருந்தது. கிழக்கிலும் ஒன்று இருந்ததாக அப்பா சொல்வார். தெற்கு வேலியில் ஒருபோதும் இருந்ததில்லை. அந்தப் பக்கத்து வீட்டாரும் நல்லவர்கள்தான், ஆபத்துக்கு ஓடி வந்தவர்கள்தான். அவர்கள் எங்கள் வளவுக்குள் வருவதென்றால் ஒழுங்கையைச் சுற்றிப் படலைக்கு வந்து, படலையில் நின்று கூப்பிட்டார்கள். அதை மரியாதை என்று நினைத்து வளர்ந்தேன். கறுக்குமட்டை வைத்து நெருக்கி அடைத்த அந்தத் தெற்கு வேலியில் ஒரு கோழிகூட நுழைய வழி இருக்கவில்லை. நான் இழந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கும் நெருக்கம் சிலரோடு மட்டும் கொண்ட நெருக்கம். மற்றவர்களுக்குத் தகரம் எப்போதோ அடிக்கப்பட்டிருந்தது. மேலைவளவு மாமிக்கு அந்த ஜூன் மாதம் நாங்கள் கொடுத்தது, தெற்கு வளவுக்கு என் பாட்டன் காலத்திலிருந்து கொடுத்துவந்ததைத்தான். இதைக் கண்டுகொள்ள எனக்கு ஒரு கிருமி வரவேண்டியிருந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மனிதருக்கும் மனிதருக்கும் நடுவில் குறைந்தது 1 மீற்றர் என்று 2020 அக்டோபரில் வர்த்தமானி சொன்னது. மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், 6 மாதம் வரை மறியல். அதன் வேர் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. பம்பாயில் பிளேக் பரவிய அதே காலம், இந்தியாவின் தொற்றுநோய்ச் சட்டத்துக்கும் அதே வயது. மனிதருக்கு நடுவில் இடைவெளி கூடக் கூட, அரசுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி குறைந்துகொண்டு வந்தது. சங்கக்கடை வாசலில் ஒரு மேசை, மேசையில் ஒரு கொப்பி, கொப்பியோடு நூலில் கட்டிய பேனை. பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், வந்த நேரம். முன்னால் எழுதியவர் எல்லோரின் விபரமும் பின்னால் எழுதுகிறவருக்குத் திறந்து கிடக்கும். எங்கள் உறவில் ஒரு பிள்ளை ஒரு கடையில் இப்படி எழுதிவிட்டு வந்து, இரண்டு மாதம் தெரியாத ஆண்களின் அழைப்புக்குப் பதில் சொல்ல மாட்டாமல் இலக்கத்தையே மாற்றினாள். வேலியில் பார்வையைத் திருப்பிக்கொள்ளத் தெரிந்த ஊரில், மேசைமேல் கிடந்த கொப்பியை மூடிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. சிங்கப்பூரில் தொடர்பு தேடும் செயலியின் தரவுகளைப் பொலிஸ் எடுக்கலாம் என்று 2021 ஜனவரியில் தெரியவந்தபோது அங்கே மக்கள் குழம்பினார்கள். நாங்கள் குழம்பவில்லை. ஏன் குழம்பவில்லை என்பதற்கு விடை எங்கள் அலுமாரிகளில் இருக்கிறது. குடும்ப விபரம், ஆளுக்கொரு படம், வந்தவர் போனவர் கணக்கு: இவையெல்லாம் வேறு சீருடைக்காரர் கேட்டு நாங்கள் பல தடவை கொடுத்தவை. 2011இல் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இராணுவம் குடும்பங்களைப் பதிந்ததை எதிர்த்துத் தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2020இல் நோய்த் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு மையத்துக்கு இராணுவத் தளபதியே தலைவர். விடத்தற்பளையில் இராணுவ முகாமுக்குள்தான் தனிமைப்படுத்தல் நிலையம். நோயாளியைத் தேடி வந்த வாகனமும் ஆளைத் தேடி வந்த வாகனமும் எங்கள் ஆச்சிகளுக்கு ஒரே சத்தமாகக் கேட்டன. அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்து இன்றைக்கு யார் வெளியே போகலாம் என்று அறிவித்தபோது, ஊரடங்கு என்ற சொல்லை இத்தனை வருடம் துவக்கோடு சேர்த்தே கேட்டிருந்த எங்களுக்கு, அது மருத்துவமாகவும் இருக்கலாம் என்பதை நம்ப ஒரு முயற்சி தேவைப்பட்டது. முயன்றோம். சிலருக்கு முடிந்தது. 2022இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க ஒரு சட்டம் இயற்றினார்கள். அந்தக் கொப்பிகள் இப்போது எந்த அலுமாரியில், எந்தக் கடலைச் சுருளில் இருக்கின்றன என்று நான் யோசிப்பதுண்டு.

தீவு என்பதால் எங்களுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. ஊரைச் சுற்றிக் கடல் இருந்தால், ஊரையே ஒரு அறையாக்கிப் பூட்டுவது சுலபம். 2020 மார்ச்சில் அரியாலையும் தாவடியும் ஊர்ப் பெயர்கள் என்ற நிலை மாறி நோயின் பெயர்களாயின. அந்த அக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண் புங்குடுதீவுக்குத் திரும்பி வந்திருந்தார் என்று தீவு முழுவதையும் முடக்கினார்கள். நோயோடு வந்தவர் தொழிலாளி, அதுவும் பெண், அதுவும் தீவகம் என்றால், யாழ்ப்பாணப் பட்டினம் ‘தீவார்’ என்ற சொல்லை எப்படி உச்சரிக்கும் என்று எங்களுக்குத் தெரியும். பண்ணைத் தாம்போதியில் மறித்தார்கள். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் ஓடும் மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்கிறோம். தண்ணீரின் மேல் அசைகிற ஒரு தட்டுக்கு எங்கள் முன்னோர் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் ‘பாதை இல்லை’ என்று ஒருவர் சொன்னால் அதற்கு இரண்டு கருத்தும் பொருந்தியது. பிறகு 2021 மார்ச் வந்தது. நோயால் இறந்த முஸ்லிம் மக்களின் உடல்களைப் பத்து மாதத்துக்கு மேல் வலிந்து எரித்துவிட்டு, கடைசியில் புதைக்கலாம் என்று இறங்கி வந்தபோது, அதற்காக அரசு தேடிப்பிடித்த இடம் இரணைதீவு. 1992இல் துரத்தப்பட்டு, கால் நூற்றாண்டுக்குப் பின் 2018இல் தாங்களாகவே வள்ளம் ஏறிப் போய் மீண்ட மக்களின் தீவு. அவர்கள் எதிர்த்தார்கள், உடல்கள் ஓட்டமாவடிக்குப் போயின. இறந்தவரையும் மீண்டவரையும் ஒரே தீவில் ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்தப் பார்த்த அந்த யோசனை எங்கிருந்து வருகிறது? பெருநிலத்தில் இருப்பவருக்குத் தீவு என்பது தள்ளி வைக்கும் இடம். மட்டக்களப்பு வாவியின் மாந்தீவில் தொழுநோயாளரை வைத்தார்கள். பாக்குநீரிணையின் மறுகரையில், இலங்கைத் தோட்டங்களுக்கு வரும் கூலிகளை நோய் பார்த்து அடைத்து வைத்த மண்டபம் முகாமில்தான் பிறகு எங்களைப்போல ஓடிப்போன அகதிகளையும் வைத்தார்கள். அதே மண்டபம். நோய்க்குப் போட்ட வேலி மனிதருக்கு அப்படியே பொருந்தியது.

பொது இடம் என்று பெரிதாகச் சொல்ல எங்கள் ஊரில் என்ன இருக்கிறது? மதகு இருக்கிறது. மாலையில் ஆண்கள் வரிசையாக இருந்து, வெளிநாட்டு அரசியலிலிருந்து பக்கத்து வீட்டுக் கலியாணம் வரை தீர்ப்புச் சொல்லும் சிமெந்துக் கட்டு. சனசமூக நிலையம் இருக்கிறது. ஒரு பத்திரிகையை நாலாகப் பிரித்து நாலு பேர் வாசித்து, பக்கம் மாற்றிக்கொள்ளும் மேசை. அங்கே செய்தி வாசிப்பதென்றால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பது. முடித்தவர் தாளைக் கொடுக்கும்போது தன் கருத்தையும் சேர்த்துக் கொடுப்பார். தொற்றுப் பயத்தில் வாசிகசாலையைப் பூட்டினார்கள். திறந்தபோது பத்திரிகை வந்தது, வாசகர் பாதிப் பேர் வரவில்லை. கைத்தொலைபேசியில் ஆளுக்கொரு முழுப் பத்திரிகை இருந்தது, யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பெண்களுக்கு மதகும் இல்லை, வாசிகசாலையும் பேருக்குத்தான். அவர்களின் பொது இடங்கள் வேறு வேலையின் பெயரில் இருந்தன: நல்ல தண்ணீர் அள்ளும் கிணற்றடி, சந்தை, பிள்ளையை ஏற்றப் போய் நிற்கும் பள்ளிக்கூடப் படலை, வெள்ளிக்கிழமைக் கோயில், பொட்டு. ஆண்களின் மதகைப் பொலிஸ் விரட்டிய செய்தி பத்திரிகையில் வந்தது. பெண்கள் கூடிய இடங்கள் மூடுண்டது செய்தியாகக்கூட எங்கும் வரவில்லை, அவை இடங்கள் என்றே கணக்கில் இல்லாததால். கோயில் கட்டுப்பாட்டோடு திறந்தபோது உள்ளே விடப்பட்டவர்கள் ஐயரும் நிர்வாகமும் அன்றைய உபயகாரரும். ஊர் என்று சொல்லி வந்தது ஒரு பெயர்ப்பட்டியலாகச் சுருங்கியது. அம்மா அந்த வருடத் திருவிழாவை வேலி ஓரம் நின்று மேளச் சத்தமாக மட்டும் கேட்டார். காற்று எதிர்ப்பக்கம் அடித்த நாட்களில் அதுவும் இல்லை. பிறகு ஒழுங்கைக்கு ஒழுங்கை மதில் எழும்பியது. வெளிநாட்டுக் காசில், ஆள் உயரத்துக்கு மேல், மூலையில் ஒரு கமெராவோடு. நெடுந்தீவில் பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய பழைய வேலிகளைப் பார்த்திருக்கிறேன். நெஞ்சளவுதான், மேலால் முகம் தெரியும், கதைக்கலாம். இந்த மதில்கள் எனக்குப் புரிகின்றன, தனியாக இருக்கும் வயதானவர்களுக்குக் களவுப் பயம் உண்மைதான். ஆனால் கமெரா பார்வையைத் திருப்பிக்கொள்ளாது. ஒழுங்கையில் போகிற எல்லோரையும் அது ஒஸ்லோவிலோ பாரிசிலோ இருக்கும் மகனுக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறது.

இத்தனையும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். எங்கள் ஊரில் இடைவெளி ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருந்தது. 1990லும் 91லும் தீவகத்தை இராணுவம் பிடித்தபோது எழும்பிப் போனவர்களில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை. வலிகாமத்துக்குப் போய், 1995 ஒக்டோபரில் அங்கிருந்தும் எழும்பி, பள்ளிக்கூட வகுப்பறைகளில் சீலையைக் கட்டிச் சுவராக்கி இருந்தோம். அந்தச் சீலைக்கு அப்பால் வேறொரு குடும்பம். அவர்களின் மூச்சும் கேட்கும். ஒரு இளம் தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்க, அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை ஆண்களும் சொல்லாமலே வாசலுக்குப் போய் நின்றதை நான் சிறுவனாகப் பார்த்தேன். அவ்வளவு நெரிசலில் மறைப்பு இருந்தது. திரும்பி ஊருக்கு வந்தபோது கதியால் எல்லாம் காடாகிக் கிடந்தது. எல்லையைக் கிணற்றையும் நின்ற மரங்களையும் வைத்துத்தான் கண்டுபிடித்தோம். எங்கள் ஒழுங்கையில் இரவில் விளக்கு எரியும் வீடுகளை ஒரு கை விரலால் எண்ணலாம். ஒரு மீற்றர் விலகி நில் என்று வானொலி சொன்னபோது எங்கள் அயலில் விலகி நிற்க ஆள் தேட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பொட்டை அடைப்பதென்றால், நகரத்தில் ஒரு கதவைச் சாத்துவதுபோல அல்ல. எங்களுக்கிருந்த அயலில் பாதியை நான் அந்த ஆறு ஆணியால் அடைத்தேன். அதே வருடம் ஊரில் சாவு விழுந்த வீடுகளில் பந்தல் இல்லை, பறை இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் நிற்க, ஒருவர் தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். நோயால் போனவர்கள் வீட்டுக்கே வரவில்லை, யாழ்ப்பாணத்துக் கோம்பயன்மணல் மயானத்தில் எரித்தார்கள். திரைக்கு அப்பால் இருபது முப்பது நாட்டிலிருந்து சொந்தங்கள் பார்த்து அழுதார்கள். வரவே முடியாதவர்களுக்கு அது பெரிய ஆறுதல், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது வர முடிந்தவர்களும் திரையில் பார்க்கிறார்கள். வேலணையில் இருப்பவர், பஸ்ஸில் சொற்ப நேரம், நேரலையில் பார்த்துவிட்டு ‘பாத்தன், நல்லாச் செய்தியள்’ என்று சொல்கிறார். செத்த வீட்டுக்குப் போய்ப் பேசாமல் ஒரு மூலையில் இருந்துவிட்டு வருவதற்கு ஒரு கனம் இருந்தது. அதை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன சோளகத்தில் ஒரு பின்னேரம் குறடொன்றை எடுத்துக்கொண்டு மேற்கு வேலிக்குப் போனேன். துருவேறி, கீழ்க்கரை தின்றுபோய், தகரம் பாதி மண்ணோடு ஒட்டியிருந்தது. கிளுவைக் கதியால் ஆணியைச் சுற்றித் தோல் மூடி வளர்ந்திருந்தது. இரண்டு ஆணியைக் கழற்றியிருப்பேன். அப்பால் சருகு மிதிபடும் சத்தம். பழைய வழக்கம் வாயில் வந்தது. கனைத்துவிட்டு, ‘மாமி, நிக்கிறியளோ?’ என்றேன்.

‘என்ன தம்பி செய்யிறாய்?’

‘தகரத்தைக் கழட்டுவம் எண்டு.’

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பூவரசில் காகம் ஒன்று இருந்தது. பிறகு மாமி சொன்னார், ‘இருக்கட்டும் தம்பி. எனக்கும் பழகிப்போச்சுது. இப்ப ஆரும் திடீரெண்டு வந்தால் நெஞ்சு படபடக்குது.’

எனக்கு மறுமொழி வரவில்லை. ‘ஓம் மாமி’ என்றேன். சருகுச் சத்தம் வீட்டுப் பக்கம் போனது. கழற்றிய இரண்டு ஆணியும் உள்ளங்கையில் இருந்தன. அவற்றைத் திருப்பி அடிக்கவும் மனம் வரவில்லை, மற்ற நான்கையும் கழற்றவும் மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அதனால்தான் தகரம் முன்னையிலும் கூட அடிக்கிறது. அம்மாவுக்கு இப்போது காது அவ்வளவு கேட்பதில்லை, அந்தச் சத்தம் மட்டும் கேட்கிறது. இரவில் பாயில் எழுந்து இருந்து, மேற்குப் பக்கம் முகத்தைத் திருப்பி, ‘ஆரோ வருகினம், பார்’ என்கிறார்.